நிலாவில் பட்டுத் திரும்பிய ஒரு வரி

பகல் நிலாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மாமனாரின் முதுகுதான் நினைவுக்கு வருகிறது. பெங்களூர் லிங்கராஜபுரத்து வீட்டு மொட்டை மாடி, துணிக்கொடியில் காயும் பள்ளிச் சீருடை நிறப் போர்வைகள், அவற்றுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்தபடி மேற்கே பார்த்து நிற்கும் மாமா. குழாயின் உச்சியில், டிவி ஆண்டெனாவை இழுத்து நீட்டியதுபோல் ஒரு நீண்ட அலுமினிய ஆண்டெனா. தென்னை மரங்களுக்கு மேலே, கரைந்துபோன கற்பூரத் துண்டுபோல் நிலா. அதைப் பார்த்துப் பார்த்து மாமா குழாயைக் கையால் திருப்புவார். மாடி அறைக்குள்ளிருந்து அத்தையின் குரல் பாதிக் கன்னடத்தில் வரும்: "ஸ்வல்ப லெஃப்ட்டு! போதும், போதும்!"

அத்தை என்றால் என் மாமியார். தொலைபேசித் துறையில், வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு இதை என்னிடம் சொன்னபோது, பழைய பாட்டு கேட்கிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வேலூரிலிருந்து மருமகளாக வந்திறங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தகரக் கூரை அறையிலிருந்து அத்தை மோர்ஸ் தட்டிப் பல தேசங்களோடு பேசியிருக்கிறார் என்று. ரேடியோ கிளப்பில் எல்லாரும் அத்தையின் காதைத்தான் புகழ்வார்களாம். மற்றவர்கள் வெறும் இரைச்சல் என்று விட்டுவிடுகிற இடத்தில் அத்தை ஒரு முழு வாக்கியத்தை எழுதிக் காட்டுவாராம்.

அந்தக் காது என் பேச்சுக்கு மட்டும் ஏன் திறப்பதில்லை என்பது என் முதல் வருடத்து வருத்தம். எலெக்ட்ரானிக் சிட்டியில் நெட்வொர்க் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும்போது, அடுப்பைப் பார்த்து நிற்கும் அத்தையிடம் "போயிட்டு வரேன் அத்தை" என்பேன். பதில் வராது. சாயங்காலம் வந்து கூப்பிட்டாலும் பல நாள் திரும்பிப் பார்க்கமாட்டார். மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்திருந்தார்களோ, என்னைப் பிடிக்கவில்லையோ என்று நானாக ஏதேதோ கட்டிக்கொண்டேன். கணவரிடம் சொன்னால், "அம்மா அப்படித்தான், யோசனையில இருப்பாங்க" என்று முடித்துவிடுவார்.

அத்தைக்கும் எனக்கும் பேச்சு தொடங்கியதே மாடி அறையில் இருந்த கம்ப்யூட்டரால்தான். ஒரு நாள் அத்தை என் அறை வாசலில் வந்து நின்று, "நீ கம்ப்யூட்டர் லைன்தானேம்மா? மேல ஒண்ணு பாக்கணும்" என்றார். ஐரோப்பாவில் சிலர் பெரிய பெரிய ஆண்டெனாக்களை வைத்து நிலாவை நோக்கி ரேடியோ அலையை அனுப்புகிறார்கள். அது நிலாவில் பட்டு எதிரொலித்துப் பூமிக்குத் திரும்புகிறது. அதைப் பிடித்துப் படிக்க இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. அத்தைக்கு அதை ஒரே ஒரு முறையாவது பிடிக்க வேண்டும். நம்முடைய ஆண்டெனாவை மேலே சாய்க்க முடியாது. அடிவானத்தை நோக்கித்தான் நிற்கும். அதனால் நிலா மறைகிற நேரத்தில் கொஞ்ச நேரம்தான் வாய்ப்பு. மாதக்கணக்காக முயன்றும் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. கிளப்பில் ஒருவர் தன் காதாலேயே அந்த எதிரொலியைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அத்தையின் முகம் சுண்டிப்போனது.

முதலில் பார்த்ததுமே ஒரு கோளாறு பிடிபட்டது. அந்த மென்பொருள் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைத்துக் கேட்பது. அனுப்புகிறவரின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒத்துப்போனால்தான் எழுத்து பிறக்கும். மாடிக் கம்ப்யூட்டரின் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஹாலில் இருந்த பிராட்பேண்ட் மோடத்திலிருந்து மாடிப்படி ஓரமாக மேலே போன கேபிளின் முனையை யாரோ தப்பாகக் கோத்திருந்தார்கள். எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் புது முனை வாங்கி வந்து மாற்றினேன். இணையம் வந்தது, கடிகாரம் சரியானது. அத்தைக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

அடுத்த முறை நிலா இறங்கியபோதும் ஒன்றும் வரவில்லை. இந்த முறை குற்றம் என்னுடையது. நான் சரிசெய்த கேபிளே ரேடியோவுக்குள் ஒரு விசில் சத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. திரையில் அது ஒரு தடித்த கோடாக நின்றது. கேபிளைப் பிடுங்கினால் கோடு போய்விடும். பிடுங்கினால் கடிகாரம் கெடும். கடைசியில், கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு நிலா இறங்கும் நேரத்துக்கு மட்டும் கேபிளைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். "இத்தனை படிப்பு படிச்சுட்டு கடைசில வயரைப் புடுங்குறதுதானா?" என்று மாமா சிரித்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்து வந்ததும், சிவாஜிநகரிலிருந்து மாமா வாங்கி வந்த மட்டனை அடுப்பில் ஏற்றிவிட்டு மூவரும் மாடிக்குப் போனோம். மாமா குழாயைப் பிடித்தார். அத்தை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். ஒலி அளவைக் காட்டும் பட்டை உச்சியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. ரேடியோவிலிருந்து ஒரே வயர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஹெட்ஃபோனுக்கும் மற்றது கம்ப்யூட்டருக்கும் போனது. சத்தத்தைக் கூட்டினால் இரண்டிலும் கூடும். இவ்வளவு சத்தத்தைத் திணித்தால் கம்ப்யூட்டரால் எதையும் பிரித்தறிய முடியாது.

"சத்தம் ரொம்ப அதிகம் அத்தை" என்றேன். பதில் இல்லை. தோளைத் தொட்டேன். திரும்பினார். ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் வைத்த கையோடு பிடுங்கி எடுத்துவிட்டேன். ரயில் பாலத்தின் அடியில் நின்றதுபோல் இருந்தது. அதை மறுபடி அவர் காதில் மாட்டிவிட்டு ரேடியோவின் ஒலித் திருகைக் குறைத்தேன்.

"ஏன்மா ஆஃப் பண்ணிட்டே?" என்றார் அத்தை.

நான் ஆஃப் செய்யவில்லை. ஹெட்ஃபோன் அவர் காதில் இருந்தபோதும் அதன் இரைச்சல் வெளியே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "ஓடிட்டுதான் இருக்கு அத்தை" என்றேன், இந்த முறை அவர் முகத்துக்கு நேராக.

அத்தை திருகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இத்தனை மாதம் அவர் முதுகைப் பார்த்து நான் பேசியதற்கெல்லாம் வராத பதில் அந்த ஒரு பார்வையில் எனக்குக் கிடைத்துவிட்டது. தொண்டை சரியில்லை என்று சொல்லி அத்தை சர்ச் கொயரிலிருந்து நின்றதும், டிவி அலறுவதும், பேசும்போது என் உதடுகளையே பார்ப்பதும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"எத்தனை நாளா அத்தை?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா. அவர்கிட்ட சொல்லாதே." வெளியே மாமா நின்ற பக்கம் பார்த்துவிட்டு, "கிளப்புல என் காதைத்தான்மா தெரியும் எல்லாருக்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பட்டை பாதியில் நிற்கும் வரை ஒலியைக் குறைத்தேன். கேபிளைக் கழற்றினேன். "இப்ப உங்களுக்குச் சத்தம் வேண்டாம். அதுதான் கேக்கணும்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன். அத்தை ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் மாட்டிக்கொண்டேன். நிமிடங்கள் போயின. தென்னை ஓலைகளுக்குள் நிலா இறங்கத் தொடங்கியபோது, திரையின் அடியில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. ஸ்வீடன் நாட்டு நிலையம் ஒன்றின் அழைப்புக்குறி. சில எழுத்துகள், சில எண்கள், அவ்வளவுதான்.

அத்தை வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்குக் கேட்டுதா? எப்படி இருந்தது?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"எனக்கும் கேக்கலை அத்தை. வெறும் இரைச்சல்தான்."

"எனக்காகச் சொல்லாதே."

"சத்தியமா. உங்க கிளப்காரர் கேட்டது ரொம்பப் பெரிய ஸ்டேஷனா இருக்கும், இது அவ்வளவு பெருசு இல்லை. இந்த அளவுக்கு மெலிசா வந்தா யார் காதுக்கும் கேக்காது. கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிக்கும்."

அத்தை நம்பவில்லை. வாசலுக்குப் போய், "என்னங்க, அதை விட்டுட்டு இங்க வாங்க" என்று கூப்பிட்டார். வேர்வையோடு வந்த மாமாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, அடுத்த நிமிடம் முடியும்வரை நிற்கவைத்தார். அதே அழைப்புக்குறி இரண்டாவது வரியாக வந்தது. "என்ன கேட்டுது?"

"மீன் பொரிக்கிற மாதிரி கேக்குது. வேற ஒண்ணும் இல்லையே" என்றார் மாமா.

அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அதுவும் கேக்கலைங்க" என்றார்.

மாமா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது எனக்குத் தெரியாதா? இல்லேன்னா நான் ஏன் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திட்டிருக்கேன்?" என்றார். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அன்று மட்டன் அடிப்பிடித்துப்போனது. யாரும் குறை சொல்லவில்லை.

அதே வாரம் அத்தையைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்றேன். பல தடவை கை எழவில்லை. ஒப்புக்காகக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும், "கேக்கலைன்னா கேக்கலைன்னு காட்டணும். அப்பத்தானே ஃபால்ட் எங்கேன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

இப்போது அந்த வீட்டுக்கு மேற்கே ஒரு அபார்ட்மெண்ட் எழுந்துவிட்டது. நிலா அதன் பின்னால் போய்விடுகிறது. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை நினைக்கும்போது அந்த ஸ்வீடன் வரியைவிட எனக்கு நெருக்கமாக இருப்பது, காதுக்கருவி வாங்கிய நாள். கடைப் பையன் அதைப் பொருத்திவிட்டு, ஏதாவது பேசச் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. "சாப்பிட்டுட்டே போலாமா அத்தை?" என்றேன்.

அத்தை என்னை வியப்போடு பார்த்தார். "உன் குரல் இவ்வளவு மெலிசா?" என்றார். "இத்தனை நாளா நான் வேற யாரோ ஒருத்தியோட பேசிட்டிருந்திருக்கேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.