முன்னூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று

பக்கிரிசாமி அண்ணன் மூச்சை அடக்கி வேலை செய்கிறவர். பேச்சுக்குச் சொல்லவில்லை. நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டை மெழுகில் பதித்து, இயந்திரத்தில் வைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவுவார். அந்த நேரத்தில் மூச்சு விட்டால் சீவல் பறந்து சுருண்டுவிடும். பிறகு அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடியில் ஏந்தி எடுப்பார். டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயின் பெயரைச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான். இருபத்தாறு வருடமாக இதே வேலை. “வீட்டுலயாவது மூச்சு விடுவீங்களாண்ணே?” என்று கேட்டால், “அதுக்கு உங்க அண்ணி பெர்மிஷன் கொடுக்கணும்லா” என்பார்.

நான் உஷாராணி. கோலாலம்பூரில் அதே நோயியல் துறையில் குமாஸ்தா. அண்ணனுக்கு வீடு காப்பாரில். காலையில் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷன், அங்கிருந்து கோமுட்டர் ரயில். வெள்ளிக்கிழமை மட்டும் எங்களோடு பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. அவரிடம் ஒரு வினோதமான குணம் உண்டு. எந்தப் பாரத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஒருமுறை போன் லைன் விற்க வந்த ஆள், இவர் படித்து முடிக்கும்வரை பொறுக்க முடியாமல் பாரத்தை இவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் குணத்தால்தான் இந்த வம்பில் மாட்டினார்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கமலநாதன் என்றொரு பேராசிரியர். கணிதத் தருக்கம் அவர் பாடம். ஒரு கூற்றிலிருந்து இன்னொன்று எப்படிப் பிசகாமல் வருகிறது என்று பார்ப்பது. டாக்டர்கள் கண்ணாடியைப் பார்த்து மனத்துக்குள் போடும் கணக்கை ‘இது இருந்து, அதுவும் இருந்தால், இன்ன நோய்’ என்று விதிகளாக எழுதி, ஒரு விதி இன்னொன்றோடு முட்டாது என்று நிரூபிக்கப் பார்த்தார். எங்கள் டாக்டர் நஸ்ரின் அதில் கூட்டாளி. விதிகளைச் சோதிக்க, கழுத்தில் நெறி கட்டியவர்களின் பழைய மெழுகுக் கட்டைகள் முன்னூற்றுப் பன்னிரண்டைப் பல மருத்துவமனைகளிலிருந்து வரவழைத்தார்கள். ஆள் இறந்திருந்தால் குடும்பத்தாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கவேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்குப் பாரத்தை விளக்கிச் சொல்ல யாரை அனுப்புவது என்று யாரும் யோசிக்கவே இல்லை, வரி விடாமல் படிக்கிற அண்ணன்தான் இருந்தாரே.

கட்டைகளில் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி பக்கிரிசாமி அண்ணனிடம்.

அப்படித்தான் பண்டமாரானில் மாரியாயி அக்கா வீட்டுக்கு முதல் முறை போனார். கணவர் ரெங்கசாமி துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். 2017-இல் கழுத்தில் கட்டி வந்தபோது ஒரு மருத்துவமனையில் துண்டு எடுத்துப் பார்த்து, சாதாரண வீக்கம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து அது பெரிதாக வீங்கியது. புற்றுநோய் என்றார்கள். அடுத்த வருடம் இறந்துபோனார்.

பாரத்தின் ஏழாம் பத்தியை அண்ணன் நிதானமாக விளக்கியிருக்கிறார்: ஆராய்ச்சியில் தெரியவருவது எதுவும் தனியாகக் குடும்பத்துக்குச் சொல்லப்படாது. அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. இரண்டாம் முறை வீங்கியபோது, மகள் கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தடுத்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அதில் நாலு மாதம் போய்விட்டது. “நான்தான் அவரைக் கொன்னுட்டேன் தம்பி” என்றாராம்.

பழைய முடிவைப் பார்க்காமல் மூன்று டாக்டர்கள் எல்லாக் கண்ணாடிகளையும் புதிதாகப் படித்தார்கள். முன்னூற்று ஒன்றில் பழைய பதிலே வந்தது. பதினொன்றில் மாறியது. கமலநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஒத்துப்போறது எனக்கு எதுக்கு? இந்தப் பதினொண்ணுதான் வேணும்” என்றார். அவருக்கு அவை எண்கள். அவரைக் குறை சொல்லி என்ன பயன்.

அந்தப் பதினொன்றுக்கும் மிச்சக் கட்டைகளைப் பழைய மருத்துவமனைகளிலிருந்து கேட்டு வாங்கிச் சீவ வேண்டியிருந்ததால் அண்ணன் அலமாரியைத் திறந்து எண்களைப் பொருத்தினார். ஒன்று ரெங்கசாமியுடையது. 2017-லேயே அந்தத் துண்டில் புற்றுநோய் இருந்திருக்கிறது.

அண்ணன் டாக்டர் நஸ்ரினிடம் போய் நின்றார். அவர் நல்லவர், அன்றைக்கே நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. நோயாளி உயிரோடு இல்லை, எனவே மருத்துவப் பயன் இல்லை. குடும்பம் ஏழாம் பத்திக்குச் சம்மதித்திருக்கிறது. தெரிவிக்கக் கூடாது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தது நான்தான். அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடிகளை வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதால் பாரம் மாறியது. எல்லாரிடமும் திரும்பக் கையெழுத்து வாங்கவேண்டும், இந்த முறை ஒரு சாட்சியோடு. ஒரு சனிக்கிழமை காலை என் காரில் பண்டமாரானுக்குக் கிளம்பினோம். ஷா ஆலம் தாண்டியதும் அண்ணன் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாதுதான்.

“நாலு மாசத்துக்கு அந்தக்கா அழுவுறாங்க உஷா. மூணு வருஷமா அது கண்ணாடில இருந்திருக்கு.”

“சொல்லிடுங்கண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?”

“சொன்னா கேஸாகும். டாக்டர் நஸ்ரின் மாட்டுவாங்க. என் வேலையும் போயிடும். மத்த பத்துக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்றது? பயமா இருக்குலா.”

மாரியாயி அக்கா எங்களுக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது வந்ததும் நின்றுவிட்டார். தாளைக் கீழே வைத்தார்.

“அக்கா, ரெங்கசாமி அண்ணன் விஷயத்துல உங்க மேல தப்பே இல்ல.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?”

சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். காரில் சொல்லிடுங்கண்ணே என்று வீரம் பேசியவள்தான் நான்.

“இல்லக்கா, பொதுவாச் சொன்னேன்” என்றார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மக சொல்றா. கோயில்ல ஐயர் சொல்றாரு. ஆறுதலுக்குச் சொல்றது எனக்குப் புரியாதா?” அக்கா குரலில் கோபமே இல்லை. “நீங்க மனச விட்டுடாதீங்க தம்பி. மைலோ ஆறுது, குடிங்க.”

தெரிந்து சொன்னவர் அண்ணன் ஒருவர்தான். அதுவும் தெரியாமல் சொன்னவர்களின் பேச்சோடு சேர்ந்து போய்விட்டது. அண்ணன் மைலோவைக் குடித்தார். மிச்சப் பத்திகளையும் ஒன்று விடாமல் விளக்கினார். அக்கா கையெழுத்துப் போட்டார். ‘எல்லா விவரமும் இவருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே சாட்சியாக நான் போட்டேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார் மாரியாயி அக்கா. “இன்னும் ஏதாச்சும் பேப்பர் இருந்தா ஒரு போன் போடுங்க தம்பி, நானே பஸ் பிடிச்சு வந்து சைன் போட்டுத் தரேன். என்னால இன்னொரு தடவை எதுவும் லேட்டாகக் கூடாது.”

“சரிங்கக்கா” என்றார் பக்கிரிசாமி அண்ணன்.