கூரையில் எறிந்த முன்பல்

என் தங்கையின் முன்பல்லைப் பெயர்த்தது ஜப்பான்காரன் இல்லை, நான்தான். பல வருடம் பழியை அவன் தலையில் போட்டுத்தான் பேசியிருக்கிறேன். கேட்டவர்களும் 'அடப்பாவி' என்று உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். வயதாகிவிட்டது, இனி எதற்குப் பொய்?

சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியறையில் இருந்தோம். அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் அம்மா, நான், தங்கை. எனக்குப் பதினொன்று, அவளுக்கு எட்டு. சந்து முனையில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். அவனைத் தாண்டும்போது நின்று, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும். வணங்காதவர்களுக்குக் கன்னத்தில் அறை விழும். என் தங்கையோ வேடிக்கை பார்க்கிற ரகம். எதைப் பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவாள்.

அன்று காலை இருவரும் மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பினோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடியே குனிந்து நின்றார். நானும் குனிந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், இவள் விறைப்பாக நின்று சிப்பாயின் பூட்ஸை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் பிடரியில் கைவைத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். சைக்கிளின் பின்பக்கக் கேரியர் கம்பியில் அவள் வாய் மோதியது. முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. இத்தனைக்கும் அந்தச் சிப்பாய் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பல்லைப் பொறுக்கிக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். வாயெல்லாம் ரத்தம், அழுகையில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"எப்படிடி?" என்று அம்மா பதறினாள்.

"விழுந்துட்டாம்மா."

"பால் பல்லுதானே?"

அது பால்பல் இல்லை. போன வருடம்தான் புதிதாக முளைத்திருந்தது. மண்வெட்டி மாதிரி இருக்கிறதென்று கேலி பண்ணி அவளை அழவைத்தவளே நான்தான். ஆனால் பால்பல்லாக இருந்துவிட்டால் நான் செய்தது பெரிய குற்றமில்லையே! "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது எங்கள் வழக்கம். புதுப்பல் சீக்கிரம் வருமாம். சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் காணாமல் போயிருந்த காலத்தில் சாணிக்கு எங்கே போவது? வெறும் பல்லையே எறிந்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. மாடி ஜன்னலைத் திறந்து, பின்கட்டுச் சமையலறையின் தாழ்ந்த ஓட்டுக்கூரையில் எறிந்தேன்.

தங்கையின் அலறலைக் கேட்டு, கீழே குடியிருந்த யாழ்ப்பாணத்து மாமா படியேறி வந்தார். சண்டைக்கு முன்பு ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவர். அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி வாயைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது விழுந்து முளைச்ச பல்லெல்லோ! இனி முளையாது. பல்லு எங்கை?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைக் காட்டினேன்.

"கெதியா எடுக்க வேணும். நேரம் போனா பல்லு செத்துப் போகும். விழுந்த உடனை அந்த இடத்திலையே திருப்பி வைச்சிருக்கலாம்!"

அவர் பேசி முடிப்பதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே காலைப் போட்டிருந்தேன். "வேரைத் தொடாதை, கடிக்கிற பக்கத்திலை பிடி" என்று பின்னாலிருந்து கத்தினார். வெயிலில் ஓடு கொதித்தது. முழங்கால் பொசுங்கப் பொசுங்கத் தவழ்ந்து, ஓடு ஓடாகத் தடவினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாவுக்காகக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. கடைசி வரிசையில், இரண்டு ஓடுகளின் இடுக்கில் கிடந்தது.

அம்மா வாங்கி முந்தானையால் துடைக்கப் போனாள். "உரஞ்சாதை!" என்று பிடுங்கிக்கொண்டார் மாமா. காய்ச்சி ஆறிய தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசினார். முன்பக்கம் எது என்று பார்த்து, அவள் ஈறுக்குள் வைத்து ஒரே அழுத்து. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மடித்த துணியைக் கடிக்கச் சொன்னார். பிறகு பக்கத்துப் பற்களோடு சேர்த்துத் தையல் நூலால் கட்டினார்.

"நிக்குமா அண்ணே?" என்றாள் அம்மா.

"பத்து நாள் போகட்டும். அதுவரைக்கும் ஒண்டையும் கடிக்கக் கூடாது. கதைக்கவும் வேண்டாம்."

அந்தப் பத்து நாளும் கிழங்கை நான்தான் கூழாக மசித்து ஊட்டினேன். என் பங்கிலும் பாதி அவளுக்குப் போயிற்று. காளியம்மனிடம், அவள் பல்லுக்குப் பதிலாக என் பல்லை எடுத்துக்கொள் என்று பேரம் பேசினேன். பல் நிற்காவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பொக்கை வாயைப் பார்க்கவேண்டும். நின்றுவிட்டால் அவள் பேசுவாள். நான் தள்ளியது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எது வந்தாலும் எனக்குத் தூக்குதான். ஆனாலும் பல் நிற்கட்டும் என்றுதான் வேண்டினேன்.

பதினோராம் நாள் காலை மாமா நூலை வெட்டினார். விரலால் பல்லை அசைத்துப் பார்த்தார். "கொஞ்சம் ஆடுது. பிடிச்சிட்டுது. இனிக் கதைக்கலாம் பிள்ளை."

தங்கை நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இனிமே தள்ளாதே. சொல்லு, நானே குனிஞ்சிக்கிறேன்."

அம்மாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பல் பிழைத்துவிட்டது, பல் பிழைத்துவிட்டது என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு வயதில் என் தங்கை குனியக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவள் நான்.