ஆய்வகத்தில் உடைந்த குழாய்

2007இல் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். டெக்னீஷியன்கள் இரண்டே பேர்: நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அக்காவும்.

ஒரு காலை, காசநோயாளியின் சளியைச் சுழலவிட்டிருந்த இயந்திரத்துக்குள் கண்ணாடிக் குழாய் படீரென்று உடைந்தது. அப்படி உடைந்தால் மூடியைத் திறக்கக் கூடாது. காற்றில் பறக்கும் கிருமி அடங்க, அறையைச் சாத்திவிட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்து, நிலையத்தின் உரிமையாளரான டாக்டரிடம் சொன்னோம்.

"வெளிய இத்தினி பேர் உக்காந்திருக்காங்க. கதவச் சாத்திட்டு நிப்பீங்களா? தொடச்சிட்டு வேலயப் பாருங்க."

கையுறையை நான்தான் எடுத்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டார்.

"வாயும் வயிறுமா இருக்கற. நீ உள்ள வராத, போ."

முகத்தில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, பிளீச்சிங் கரைசலால் துடைத்தார். நடந்ததைப் பதிவேட்டில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதி என்ன ஆவப்போவுது?" என்றார் டாக்டர்.

மூன்று மாதத்தில் அக்காவுக்கு மாலைக் காய்ச்சல், விடாத இருமல். அவருடைய சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நான்தான். நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள்.

"வீட்ல யார்கிட்டேர்ந்தாவது ஒட்டியிருக்கும். இங்க எதுவும் நடக்கல" என்றார் டாக்டர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அன்னிக்குக் கொழா ஒடஞ்சிச்சுல்ல?"

பிரசவத்துக்குப் பிறகும் எனக்கு அந்த வேலை வேண்டும். "சரியா ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு நாளால்தான் நோய் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அது டாக்டருக்கு வசதியாக இருந்தது. எனக்கும்.

ஆறு மாதம் அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் அக்கா குணமானார். ஆனால் மாமியார் வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய். மறுபடி எந்த ஆய்வகத்துக்கும் அவர் போகவில்லை. நான் குழந்தை பெற்றுத் திரும்பி, அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

2012இல் கடலூர் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார்.

"என்ன கொழந்த?"

"பொண்ணுக்கா."

"நல்லா இருக்காளா?"

தலையாட்டினேன். அப்போதாவது, ஞாபகம் இருக்கிறதென்று சொல்லியிருக்கலாம். பண்ருட்டி பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன்.