மூக்கில் ஓட்டை விழுந்தால் நிரந்தர வேலை

அந்த முலாம் பட்டறையில் யாருக்காவது மூக்குக்குள்ளே நடுத்தண்டில் ஓட்டை விழுந்தால் கைதட்டுவார்கள். "பாஸாயிட்டான்" என்பார்கள். ஓட்டை விழுந்த பிறகு எரிச்சல் குறையும், ரத்தம் நிற்கும். ஆளைக் குரோமியத் தொட்டிக்கே நிரந்தரமாக்கிவிடலாம். பொசுங்கின இடத்தில் மறுபடி நெருப்பு வைக்க என்ன பயம்?

குளியலறைக் குழாய்களைச் சட்டத்தில் மாட்டித் தொட்டியில் இறக்கும் குழாயக்கா அப்படிப் பாஸானவள். செதில் செதிலான குரோமிக் அமிலத்தைக் கரைத்தால் தொட்டி கருஞ்சிவப்பாகும். மின்சாரம் பாய்ந்ததும் நுரைத்து, கண்ணுக்குத் தெரியாத தூவானமாக எழும்பும். குரோமியம் தோலைப் பதப்படுத்தும், பெயின்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தரும், ஊரார் வீட்டுக் குழாயில் முகம் தெரியவைக்கும். இங்கே முகத்தையே அரிக்கும்.

ஓட்டை விழுந்த அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை. அவளே வேலைக்குச் சேர்த்துவிட்ட தங்கச்சி, ரத்தத்தில் ஊறின கைக்குட்டையோடு நின்றாள்.

மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோம்மா. ஓட்டை விழுந்துட்டா தொல்லை விட்டுது. உங்க அக்காவைக் கேளு."

"கேக்கவே வேண்டாம், நானே சொல்றேன்," என்றாள் குழாயக்கா. "அடுப்புல பால் தீஞ்சாலும் எனக்குத் தெரியாது. மூச்சு விட்டா மூக்கு விசிலடிக்குது. 'ரயில் வந்துடுச்சு'ங்கிறான் என் புருஷன்."

தங்கச்சி களுக்கென்றாள்.

"சிரிக்காதடி."

குழாயக்கா நேராகப் போய்ப் புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டாள். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் சுற்றுகிற விசிறி.

"அதை நிறுத்தும்மா. தொட்டி ஆறிப்போகும், பளபளப்பு வராது. அமிலமெல்லாம் புகைபோக்கி வழியா வீணாப் போகுது."

"இத்தனை நாளா எது வழியாப் போச்சு சார்?"

"ரொம்பத் திமிரா? உன் இடத்துக்கு நூறு பேர் நிக்கிறாங்க."

"நூறு எதுக்கு? நீங்க ஒருத்தர் வாங்க." சட்டத்தின் கொக்கியை அவர் பக்கம் நீட்டினாள். "விசிறியை நிறுத்திட்டு நீங்களே இறக்குங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."

அவர் இரண்டு எட்டு வைத்தார். அதுவரை தேங்கியிருந்த நெடி தொண்டையைப் பிடித்தது. இருமிக்கொண்டே வாசலுக்குத் திரும்பினார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. விசிறி ஓடியது. குழாய்கள் மங்கலாகத்தான் வந்தன; வரட்டும் என்று இறக்கினாள்.

ஆனால் நாளைக்கே அந்த ஆள் விசிறியை நிறுத்துவார். அவளுக்குத் தெரியாதா? தங்கச்சியின் கையுறைகளைத் தானே உருவியெடுத்தாள்.

"நாளையிலேருந்து நீ இங்க காலெடுத்து வைக்கக்கூடாது."

"அப்ப நீ?"

"நான் வருவேன். அவர் கை சுவிட்ச் பக்கம் போகட்டும், பாத்துக்கறேன்."