மேடம் போடாத ஊசி

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒயர்கூடைக்குள் காலைக் கட்டி வைத்திருந்த அந்த வெள்ளைப் புறா இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் மேடம் வெளியே நின்றார். அவர் கணவர், எங்கள் சார், உள்ளே கிடந்தார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வீட்டில் பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துபோயிற்று என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வாதம் வந்தால் புறா ரத்தம் தடவுவது வழக்கம். மேடத்தின் நாத்தனார் அதற்குத்தான் அதை வாங்கி வந்திருந்தார். “மதினி, அண்ணன வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். இங்கன கெடந்து என்ன ஆவப்போவுது?” என்று அழுதார். அவரை மட்டும் என்ன சொல்ல! எனக்கும் ஓர் ஆசை இருந்ததே. கர்ப்பகாலத்தில் பெண்ணுடம்பில் பெருகும் ஒரு ஹார்மோன், ரத்தம் தடைபட்ட மூளையைச் சாகாமல் காக்குமா என்று மேடம் பல வருடங்களாக எலிகளில் பார்த்து வந்தார். விழுந்து கிடந்த எலி எழுந்து நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மருந்து எங்கள் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. “நம்ம ஊசியப் போட்டுப் பாப்பமே மேடம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எலிக்கு மருந்து கேட்டிருக்கு. மனுசனுக்கு என்ன செய்யும்னு தெரியாதுல்லா? தெரியாமப் போட்டா, அவ கொண்டாந்த புறாவுக்கும் என் மருந்துக்கும் என்ன வித்தியாசம்ட்டி?” பிறகு ஃபிரிட்ஜ் சாவியை என் கையில் வைத்து மூடினார். “நீயே வச்சுக்கோ. நானே கேட்டாலும் குடுக்காத.”

மறுநாள் கேட்டேவிட்டார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன், கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. யம்மா, எத்தனை பேருக்கு வரும் அந்த நெஞ்சுறுதி! ஊரெல்லாம் பெரிய படிப்பு என்று அவரைக் கும்பிடும்; நான் கும்பிடுவது அந்த ஒரு நாளைத்தான்.

மேடம் தன் மருந்தையே போடாததைப் பார்த்து, நாத்தனாரே புறாவை அவிழ்த்துவிட்டார். சார் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அந்த ஊசியைப் போட்டிருந்தால் இன்னும் தேறியிருப்பாரோ, மோசமாகியிருப்பாரோ, எவருக்குத் தெரியும்? மனிதருக்கு அது பலிக்குமா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை ஆய்வுக்கூட வாசலில் உட்கார்ந்து, இடக்கையால் புறாக்களுக்கு அரிசி தூவிக்கொண்டிருந்தார் சார். வலக்கை மடியில் கிடந்தது. மேடம் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, “சாவியக் கொண்டாட்டி, எலிக்கு ஊசி போட நேரமாச்சு” என்றார்.