வெளியூர்க்காரியின் பெட்டி

பிறந்ததிலிருந்து அந்த நகரத்தை விட்டு வெளியே போய் ஓர் இரவுகூடத் தங்காதவள் அவள். ஆனால் அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுத்ததோ வெளியூர்க்காரியாக இருப்பதற்கு. காவல் நிலையத்தில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. வாசல் காவலர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'வெளியூரு'தான்.

பயணிகளை மொட்டையடிக்கும் டாக்சிக்காரர்கள் மீது புகார் மலைபோல் குவிந்தபோது ஒரு தனிப்படை அமைத்தார்கள். ரயில் வந்து நிற்கும் நேரம் பார்த்து, கசங்கிய உடையும் கையில் பெட்டியும் முகத்தில் திகைப்புமாக அவள் நிலையத்தை விட்டு வெளியே வருவாள். டாக்சி பிடிப்பாள். மீட்டர் போட மாட்டேன் என்றாலோ, சூடு வைத்த மீட்டர் குதிரை மாதிரி ஓடினாலோ, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் ஊரைச் சுற்றிக் காட்டினாலோ, ஜன்னல் வழியே கைக்குட்டையை உதறுவாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் காவலர் வண்டியை ஓரங்கட்டுவார்.

"ஏம்பா, ஆஸ்பத்திரி ரொம்ப தூரமா? எனக்கு இந்த ஊர்ல ஒண்ணுமே தெரியாதுப்பா" என்று அவள் கேட்டால், கேட்கிறவனுக்கே ஒரு நிமிடம் மனம் இளகும். அடுத்த நிமிடம் நாக்கில் எச்சில் ஊறும்.

நடிப்பு பழகி வந்தது. சந்தேகம் கூடவே பிறந்தது. கடைக்காரர் எடை போட்டால் தராசுத் தட்டின் அடியில் தடவிப் பார்ப்பாள். பால் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்குவாள்; எதற்கென்று அவளுக்கே தெரியாது. தையல்காரரான கணவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "வீட்டுக்குள்ள வந்ததும் என் சட்டையவே ஏன் அப்படிப் பாக்குற? எல்லாப் பட்டனும் அதது எடத்துலதான் இருக்கு."

"எதுக்கு இப்ப நீங்களா முந்திக்கிட்டுப் பட்டனப் பத்திப் பேசறீங்க?" என்றாள் அவள்.

ஆரம்பத்தில் வலையை வீசியதும் மீன் சிக்கியது. அபராதம், உரிமம் ரத்து, பறிமுதல் என்று காவல் நிலையமே களைகட்டியது. திடீரென்று ஒருநாள் எல்லாம் நின்றுபோனது. அவள் ஏறிய டாக்சியெல்லாம் கோயில் தேராகிவிட்டது. "மீட்டர் போட்டுட்டேம்மா, பாத்துக்கங்க" என்பான் ஒருவன். "குறுக்கு வழியாப் போறேம்மா, உங்களுக்கு மிச்சமாகும்" என்பான் இன்னொருவன். ஒரு புண்ணியவான் குடிக்கத் தண்ணீர்கூட நீட்டினான். மற்றவர்களின் புகார் மட்டும் குறையவில்லை. அவளுடைய முகம் பழகிவிட்டதோ என்று இன்னொரு பெண் காவலரின் கையில் அதே பெட்டியைக் கொடுத்து அனுப்பிப் பார்த்தார்கள். அவளுக்கும் அதே உபசாரம்.

இன்ஸ்பெக்டர் 'வெளியூரு'வைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, ஊர்ல அத்தன பேரையும் ஏமாத்தறவன் உங்களப் பாத்தா மட்டும் சாமியாராயிடறானே, அது எப்படி?"

"தெரியல சார்."

"உங்க தம்பி எந்த ஸ்டாண்டுல ஓட்டறான்?"

"ரயில் ஸ்டேஷன் ஸ்டாண்டுதான் சார்."

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்." மேஜை மேலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். "இந்த வாரமும் வெறுங்கையோட வந்தா, உங்க மூலமா தகவல் கசியுதுன்னு மேல எழுதிடுவேன். அப்புறம் விசாரணை, சஸ்பெண்டுன்னு அது பாட்டுக்குப் போகும். எம்மேல வருத்தப்படக் கூடாது."

தாய் போனபின் அவள் தலைவாரி, சோறூட்டி, அடித்து, அணைத்து வளர்த்த தம்பி அவன். டாக்சிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் அவளுடையதுதான். தினமும் மாலையில் காவல் நிலையத்துக்குப் பின்தெருவில் வண்டியோடு வந்து நிற்பான். அவளுக்கு மட்டும் மீட்டர் போட்டதே இல்லை. "அக்காவுக்கு மீட்டர் போட்டா எஞ்சின் கோச்சுக்கும்" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை அன்றுவரை அவள் சிரிப்பென்று மட்டுமே நினைத்திருந்தாள். அன்று மாலை பின்னிருக்கையில் உட்கார்ந்து அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச்சட்டை போட்டிருந்தான். புதுச்சட்டைக்குப் பணம் ஏது?

"டேய், நாளைக்கு எங்க ஆளுங்க எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போறோம். ரயில் ஸ்டேஷன் பக்கம் யாரும் வர மாட்டோம். யார்கிட்டயும் மூச்சு விட்றாத."

கண்ணாடியில் அவன் கண்கள் அவளைப் பார்த்தன. "இத்தன நாளா இப்படியெல்லாம் சொன்னதில்லையேக்கா?"

"சும்மா சொன்னேன்டா."

"ம்" என்றான்.

மறுநாள் தனிப்படை போனது ரயில் நிலையத்துக்குத்தான். தம்பி வாயைத் திறந்திருந்தால், காவலர் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் டாக்சிக்காரர்கள் இஷ்டத்துக்கு ஆடுவார்கள். ஒருவன் சிக்கினாலும் தம்பி துரோகி. ஒருவனும் சிக்காவிட்டால் அவள் வேலை போகும். இவன் மாட்ட வேண்டுமே என்று எப்போதும் வேண்டிக்கொள்கிறவள், அன்று முதன்முறையாக இவன் யோக்கியனாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு டாக்சியில் ஏறினாள். தொப்பி போட்ட ஓட்டுநர். அவன் மீது வந்த புகார்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

தொப்பிக்காரன் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். மீட்டரைப் போட்டான். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனான். உள்ளங்கையில் கைக்குட்டை ஈரமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது, தம்பி சொல்லவில்லை என்பது உறுதியாகி, அவளுக்கு மூச்சு வந்தது.

அவன் இறங்கிப்போய்ப் பெட்டியை எடுத்தான். கைப்பிடியை ஒரே விரலில் மாட்டி, அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாத்துத் தூக்குங்க மேடம். பயங்கர கனம். இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

வழியெல்லாம் 'அம்மா' என்றவன் இப்போது 'மேடம்' என்றான். தொப்பியைத் தொட்டு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போயும் விட்டான்.

அவள் பெட்டியோடு நடுத்தெருவில் நின்றாள். ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். காற்றடைத்த பலூன் மாதிரி ஆடியது. உள்ளே ஒரு பழைய செய்தித்தாளைத் தவிர எதுவும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. தராசு, பால், பட்டன், தம்பியின் புதுச்சட்டை என்று உலகத்தில் ஒன்றைக்கூடச் சந்தேகப்படாமல் விடாதவள், தன் கையில் தொங்கியதைச் சந்தேகப்படவே இல்லை. ரயிலில் வந்து இறங்கிய வெளியூர்க்காரியின் பெட்டி காலியாக இருக்குமா? தூக்குகிறவனின் கைக்குத் தெரியாதா?

அன்று மாலை தம்பிக்காக அவள் காத்திருக்கவில்லை. பறிமுதல் அறையைத் திறக்கச் சொல்லி, தூசி படிந்து கிடந்த சூடு வைத்த மீட்டர்களைப் பழைய சீருடைகளில் சுற்றிப் பெட்டி நிறைய அடுக்கினாள். விவரம் கேட்ட இன்ஸ்பெக்டர் "செஞ்சு பாருங்க" என்றார்.

மறுநாள் பெட்டியோடு போனது இன்னொரு பெண் காவலர். வெளியூர்க்காரியோ எதிர்க்கடை நிழலில் நின்று வேடிக்கை பார்த்தாள். தொப்பிக்காரனே வந்து மாட்டினான். ஒரு கையால் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு கையும் போட்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு தூக்கினான்.

"என்னம்மா, கல்லா அடுக்கியிருக்கீங்க? மீட்டர் வேற ரிப்பேரு. பேசித்தான் வாங்கணும்."

தெருமுனை திரும்பும் முன் கைக்குட்டை பறந்தது. மாலைக்குள் காவல் நிலைய வளாகத்தில் டாக்சி நிறுத்த இடமில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"உள்ள அப்படி என்னத்த மேடம் வெச்சீங்க?"

"உங்க ஆளுங்க மீட்டருதான்யா."

இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. டீயில் சர்க்கரை மட்டும் தூக்கலாக இருந்தது.

பின்தெருவில் தம்பி நின்றிருந்தான். ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"டேய், பெட்டி விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஸ்டாண்டுல தூங்கற நாய்க்குக்கூடத் தெரியும். பெட்டி லேசா இருந்தா போலீஸு."

"அப்புறம் ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ என் அக்கான்னு அவங்ககிட்டயும் சொன்னதில்ல. பொழைக்கற எடம்க்கா. ரெண்டு பக்கமும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்." வண்டியைக் கிளப்பினான். "அது போகட்டும். நேத்து பஸ் ஸ்டாண்டு எப்படி இருந்துச்சு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்று ரயில் நிலைய வாசலில் அவள் பெட்டியோடு நின்றதை அவன் பார்த்திருக்கிறான்.

அவன் கையை நீட்டினான். டக்கென்று சத்தம் கேட்டது. அவளுக்காக அவன் ஒருநாளும் போடாத மீட்டர் ஓடத் தொடங்கியது.

"டேய்..." என்றாள்.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் வண்டி முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் அவள் தலை தானாக முன்னால் நீண்டிருந்தது. கண் மீட்டருக்கும் தெருவுக்குமாக ஓடியது. இந்தத் தூரத்துக்கு இந்த எண் சரியா? ஏன் இந்தப் பக்கம் திருப்புகிறான்?

நிமிர்ந்தாள். கண்ணாடியில் தம்பியின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சரியா ஓடுதாக்கா?" என்றான் அவன்.