எபி தெஸ்

முடிச்சூர் எபினேசரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஞானஸ்நானம் கொடுத்த போதகர் ஒருவர், பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் இன்னொருவர். மற்ற எல்லோருக்கும் அவன் எபி.

தாம்பரத்தில் ஒரு கூரியர் கோடவுனில் ஆறு வருடமாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கிறது, கோட்டு போட்டுக்கொண்டு ஏசியில் உட்காரலாம் என்று யாரோ சொன்னதும் ஆளுக்கு வெறி பிடித்துவிட்டது. ஜப்பானிய மொழி படிக்கிறவர்களின் ஆன்லைன் குழுவில் சேர்ந்தான். அட்மின் ஹேமநாத், நாவலூரில் ஐ.டி. வேலை. புதிதாக வருகிறவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. "எபி தெஸ்" என்று எழுதினான். நான் எபி என்று பொருள்.

உடனே பதினேழு பேர் ஆளுக்கொரு எறா படம், அதாவது இறால் படம் போட்டார்கள். ஜப்பானில் எறா மங்களகரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட நம் ஆள், அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் தானும் எறா போட்டு வரவேற்பு கொடுத்தான். இப்படி ஒன்றரை வருடம். இலக்கணம் கரைத்துக் குடித்தான், பரீட்சை பாஸ் செய்தான். சாப்பாட்டுப் பாடத்தை மட்டும், படித்தால் பசிக்கிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஷர்மிளா வெள்ளந்தியாகக் கேட்டாள்: "அண்ணா, ஜப்பான் மொழில எபின்னா எறாதானே? உங்க பேரே அதுதானா?"

எபி ஹேமநாத்துக்கு போன் போட்டான்.

"ஒன்றரை வருஷமா 'நான் எறா, நான் எறா'ன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். ஒருத்தனுக்குக் கூடவா வாய் வரல?"

"நீ ஃபீல் பண்ணுவேன்னுதான் மச்சான் சொல்லல."

"இப்ப மட்டும் என்ன, டான்ஸ் ஆடறேனா?"

எறா என்று அழைத்ததில் அவனுக்கு வருத்தமில்லை. பதினேழு பேருக்குத் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே, அதுதான் சுட்டது. இனி செத்தாலும் எபினேசர்தான் என்று முடிவு கட்டினான்.

இன்டர்வியூ அறையில் ஹெச்.ஆர். சரிதாவும் ஜப்பானிய மேனேஜரும் இருந்தார்கள். மேனேஜர் குனிந்து வணங்கி, "சொரிமச்சி தெஸ்" என்றார்.

சொறி, மச்சி! எபி நாக்கைக் கடித்துக்கொண்டான். டீ கொண்டுவந்த பேபி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"எபினேசர் தெஸ்" என்றான் பத்திரமாக. கேள்விகளுக்கெல்லாம் பதில் தடங்கலில்லாமல் வந்தது. கடைசியில் மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கதவைக் காட்டி ஜப்பானிய மொழியில் கேட்டார்: "மூன்று வருடமாகப் பார்க்கிறேன். என் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். ஏன்?"

கதவைக் காட்டிய கையிலேயே சரிதாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "சார், தயவு செஞ்சு சமாளிங்க" என்றாள் எபியிடம் தமிழில், சிரித்த முகம் மாறாமல். "இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் அது ஒரு பூவோட பேருன்னு சொல்லிட்டாங்க."

பூ என்று சொன்னால் போதும், வேலை கையில். எபி வாயைத் திறந்தான். பதினேழு எறாவும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

சட்டைக் கையை மடித்தான். முழங்கையைச் சொறசொறவென்று சொறிந்து காட்டி, "இதுதான் சொறி" என்றான் ஜப்பானிய மொழியில். "மச்சி என்றால் நண்பன். உங்கள் பெயரைச் சொல்லும்போது, 'நண்பா, சொறிந்துவிடு' என்று எங்கள் காதில் விழுகிறது."

சரிதா ஃபைலை மூடினாள். எபிக்கு கோடவுனின் கோந்து வாசனை இப்போதே மூக்கில் ஏறியது. ஆறு வருடம் என்ன, அறுபது வருடமும் லேபிள்தான்.

மேனேஜரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மொழிபெயர்ப்பு இது" என்றார். "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடு."

பிறகு எழுந்து, தன் சட்டைக் கையையும் மடித்து, மேசைக்கு மேலே எபியிடம் நீட்டினார்.

"சொறி, மச்சி."

எபி அந்தக் கையைச் சொறிந்துவிட்டு, இடுப்பு வளைய வணங்கினான்.

"எபி தெஸ்" என்றான்.